காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

நான்கு பக்கக் கடிதம். கொப்பித் தாளில் கையால் எழுதி, படமெடுத்து அனுப்பியிருக்கிறார் இந்த வாசகி. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை, வயது 27. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்து, ஒன்றரை வருடம் அங்கேயே டெமொன்ஸ்ட்ரேட்டராக இருந்துவிட்டு, இப்போது நெல்லியடியில் ஒரு ரியூட்டரியில் படிப்பிக்கிறார். தகப்பன் இல்லை. அம்மாவும் ஏ.எல். எடுக்கப்போகிற தம்பியும். அமெரிக்காவின் நடுமேற்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரச பல்கலைக்கழகம் பிஎச்.டி.க்கு இவரை எடுத்திருக்கிறது: 'கிராஜுவேட் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப்' (கற்பித்தல் உதவியாளர் பதவி), 0.50 நியமனம், ஒன்பது மாதத்துக்கு 21,600 டொலர், படிப்புக் கட்டணம் தள்ளுபடி. இதைவிடப் பெயர்போன இன்னொரு இடத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கும் கடிதம் வந்திருக்கிறது. அதில் காசு இல்லை, 'வந்த பிறகு அசிஸ்டன்ட்ஷிப் பற்றிப் பரிசீலிக்கலாம்' என்ற ஒரு வரி மட்டும்.

இனிக் குழப்பங்கள். புலமைப்பரிசில் தந்தவர்கள் ஏன் வேலையும் செய்யச் சொல்கிறார்கள் என்பது முதல் கேள்வி. அங்கே போன ஒரு சீனியர் அக்கா, கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் லாபில் நிற்பதாகவும் கேட்க ஆளில்லை என்றும் சொல்லியிருக்கிறா. ரொறொன்ரோ மாமா, 'சனி ஞாயிறு அமெரிக்காவில இருக்கிற என்ர கூட்டாளியின்ர கடையில நிக்கலாம், கையில காசு' என்கிறார். ஊரில் ஒருவர் விசாவுக்கு 40 லட்சம் கணக்கில் காட்டவேண்டும் என்று பயமுறுத்தி, எட்டுப் பரப்புக் காணியை ஈடு வைக்க ஆளும் பார்த்து வைத்திருக்கிறார். கடிதத்துக்கு ஒரு கிழமைக்குள் பதில் போடாவிட்டால் இடம் போய்விடுமா, பேராசிரியருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த நாளே விசா ரத்தாகுமா, பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளை கூட வந்தால் வேலை செய்யலாமா, அம்மாவுக்கு மாதாமாதம் காசு அனுப்ப முடியுமா? கடைசியில் ஒரு பின்குறிப்பு: மிளகாய்த்தூள் கொண்டுபோகலாமா?

தங்கச்சி, முதலில் சந்தோஷம். பிறகு ஒரு சின்னத் திருத்தம், ஏனென்றால் உங்களுடைய குழப்பங்களில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது புலமைப்பரிசில் இல்லை. வேலை. அவர்கள் உங்களை மாணவியாகவும் எடுக்கிறார்கள், அதே நேரம் சம்பளத்துக்கு ஒரு வேலையாளாகவும் எடுக்கிறார்கள், இரண்டும் ஒரே கடிதத்தில் வந்ததால் ஊரில் எல்லாரும் 'பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லட்டும், குறையில்லை. ஆனால் நீங்கள் வேலை என்றே நினையுங்கள். தானமாகத் தருகிறார்கள் என்று நினைத்தால் கேள்வி கேட்க வாய் வராது, வேலை என்றால் எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், யாரிடம் முறையிடுவது என்று கேட்பது இயல்பாக வரும். நீங்கள் இங்கே டெமொன்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது மாணவி இல்லை, ஊழியர் மட்டும். அங்கே இரண்டு தொப்பியும் ஒரே தலையில், எந்த நேரம் எந்தத் தொப்பி என்று தெரிந்துகொள்வதுதான் கெட்டித்தனம்.

இருபது மணித்தியாலம் என்றால் எது எது?

0.50 என்றால் முழுநேர வேலையின் பாதி, அதாவது கிழமைக்கு 20 மணித்தியாலம். இது பல்கலைக்கழகத்தின் கணக்கு மட்டுமில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் படிப்பு நடக்கிற காலத்தில் வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது அமெரிக்கக் குடிவரவு விதி. ஆகவே உங்கள் அசிஸ்டன்ட்ஷிப்போடு அந்தக் கோட்டா முடிந்தது. லைப்ரரியில் இன்னொரு ஐந்து மணித்தியாலம் கிடைத்தாலும் எடுக்க முடியாது. விடுமுறைக் காலத்தில் மட்டும் வளாகத்துக்குள் முழுநேரம் செய்யலாம்.

சரி, அந்த இருபது எப்படிக் கரைகிறது என்று என்னுடைய அனுபவத்தில் சொல்கிறேன். நான் ஓர் உயிரியல் பிரிவில் டி.ஏ.யாக, அதாவது கற்பித்தல் உதவியாளராக, இருந்தேன். முதல் வருடம் இரண்டு செயன்முறை வகுப்பு, ஒன்று மூன்று மணித்தியாலம், வகுப்புக்கு 24 பிள்ளைகள். வகுப்பில் 6 மணித்தியாலம், ஆயத்தம் 2, கூட்டம் 1, பிள்ளைகள் சந்தேகம் கேட்க வருகிற நேரம் 2. மிச்சம் முழுக்க அறிக்கை திருத்துவது. 48 அறிக்கை, ஒன்றுக்கு எட்டு நிமிடம் போட்டால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல். கூட்டிப் பாருங்கள், பதினேழரை வருகிறது. சமாளிக்கலாம். (முதல் நாள் ஒரு பொடியன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். 'மிஸ்' இல்லை, 'மேடம்' இல்லை, வெறும் பெயர். எனக்குக் காது சூடாகிப்போனது. இரண்டு கிழமையில் பழகிவிட்டது.)

இரண்டாம் செமஸ்டரில் கூட வேலை செய்த ஒருவர் சுகமில்லாமல் போக, அவருடைய வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். மூன்று வகுப்பு, 72 அறிக்கை. கையில் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது, ஊரிலிருந்து கொண்டுபோனது. அதில் ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை என்று எழுதத் தொடங்கினேன். சாதாரணக் கிழமையில் 23 மணித்தியாலத்துக்கு மேல், பரீட்சைக் கிழமையில் 29. ஐந்து கிழமை எழுதியபின் அந்தக் கொப்பியைத் துறையின் பட்டப்பின் படிப்புப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய் விரித்து வைத்தேன். சண்டை பிடிக்கவில்லை. 'இப்படியே போனால் என்னுடைய விசா விதி மீறப்படும், என்ன செய்யலாம்?' என்று மட்டும் கேட்டேன். மனிசி கண்ணாடியைக் கழற்றி இரண்டு பக்கம் வாசித்தா. அடுத்த திங்கட்கிழமை அந்த மூன்றாவது வகுப்பு வேறு ஒருவருக்குப் போனது. அந்த 20 மணித்தியால விதியை ஊரில் எல்லாரும் விலங்கு என்று நினைக்கிறார்கள், எனக்கு அது வேலியாகவும் இருந்தது. நீங்களும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், பிரச்சினை வந்தபிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இனி அந்த சீனியர் அக்காவின் நாற்பது மணித்தியாலம். அவ பொய் சொல்லவில்லை, ஆனால் அவவின் கணக்கை அப்படியே எடுக்கவும் முடியாது. அவ அநேகமாக ஆராய்ச்சி உதவியாளராக இருப்பா. ஆராய்ச்சி உதவியாளரின் 20 மணித்தியாலம் பேராசிரியரின் திட்டத்துக்கான வேலை. அதற்கு மேல் தன் சொந்த ஆய்வுக்காக லாபில் நிற்கிற நேரம் படிப்பாகக் கணக்கிடப்படும், வேலையாக இல்லை. பிரச்சினை என்னவென்றால் பலருக்கு இரண்டும் ஒரே லாப், ஒரே மேசை, ஒரே குடுவை. எங்கே சம்பள வேலை முடிந்து சொந்தப் படிப்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அந்த நாற்பதில் இருபது அவவின் தீசிஸுக்கே போகிறதென்றால் அது பிஎச்.டி.யின் இயல்பு. பேராசிரியருக்கு வருகிற சாமான்களை இறக்கி அடுக்குவதும், அவர் வேறு எங்கேயோ எழுதுகிற கட்டுரைக்கு வரைபடம் கீறுவதும் அந்த நாற்பதில் இருந்தால் அது வேறு கதை. நீங்கள் முதல் வருடம் கற்பித்தல் உதவியாளர், ஆகவே உங்களுக்குக் கோடு தெளிவாகவே இருக்கும். பிறகு ஆராய்ச்சி உதவியாளராக மாறும்போதுதான் கவனம் வேண்டும். அப்போது எந்தெந்த வேலை அந்த இருபதுக்குள் வருகிறது என்று ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தகைமை பற்றி

மாஸ்டர்ஸ் இல்லாமல் பிஎச்.டி. எடுக்க முடியாது, இதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பயப்பட்டிருக்கிறீர்கள். தவறு இல்லை. அங்கே விஞ்ஞானப் பாடங்களில் நான்கு வருடப் பட்டத்தோடு நேரே பிஎச்.டி.க்கு எடுப்பது வழமை. உங்களுடைய சிறப்புப் பட்டம் அதற்குப் பொருந்துகிறது. மூன்று வருடப் பொதுப் பட்டம் என்றால் பல இடங்களில் இழுபடும்.

அசிஸ்டன்ட்ஷிப்பைக் கையில் வைத்திருப்பதற்குத்தான் நிபந்தனைகள் உண்டு. முழுநேர மாணவியாகப் பதிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் சராசரிப் புள்ளி 4க்கு 3.0க்குக் கீழே போகக்கூடாது, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை: 'வாய்மொழி ஆங்கிலத் தேர்வில் சித்தியடைந்தால்' என்ற வரி. வகுப்பெடுக்கிற வெளிநாட்டு மாணவருக்குப் பேச்சாங்கிலம் சோதிப்பது அங்கே பல மாநிலங்களில் வழக்கம், சிலவற்றில் சட்டமே உண்டு. சித்தியடையாவிட்டால் என்ன நடக்கும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். சில இடங்களில் வகுப்புத் தராமல் திருத்துகிற வேலை மட்டும் தந்து ஒரு ஆங்கிலப் பாடம் எடுக்க வைப்பார்கள், சில இடங்களில் சம்பளத்திலேயே கைவைக்கும். இதை இப்போதே கேளுங்கள். இன்னும் நாலு மாதம் இருக்கிறது, தினமும் பத்து நிமிடம் ஓர் இரசாயனப் பரிசோதனையை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தி போனில் ரெக்கோட் பண்ணிக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, பதட்டத்தில் கெதியாகக் கதைப்பதுதான் வினை. அலுமினியத்தை அவர்கள் 'அலூமினம்' என்பார்கள், அதற்கும் சிரிக்காமல் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு கிழமைக்குள் பதில்?

தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்கப் பட்டப்பின் கல்லூரிகளின் சபைக்கு 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், காசோடு வருகிற அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது, உங்களுடையதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், 'ஏப்ரல் 15க்குள் முடிவு சொல்கிறேன், அதற்கு முன் சில விளக்கம் தேவை' என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போதும். அதே நேரம் ஏற்கிறதில்லை என்று முடிவெடுத்த இடத்துக்குச் சும்மா இழுத்தடிக்காமல் சொல்லிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் உங்களைப்போல இன்னொரு பிள்ளை இருக்கும்.

பெயர்போன அந்த மாஸ்டர்ஸ் பற்றி வடிவாக யோசித்துவிட்டேன். விடுங்கள். 'பரிசீலிக்கலாம்' என்ற சொல்லை நம்பி விமானம் ஏறக்கூடாது. அசிஸ்டன்ட்ஷிப் பெரும்பாலும் முதலில் பிஎச்.டி. பிள்ளைகளுக்குத்தான் போகும், மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. அதற்கு விசா எடுக்கவே முதல் வருடச் செலவு முழுவதையும் காட்டவேண்டி வரும், அப்போதுதான் உண்மையில் காணியில் கைவைக்க நேரும்.

காணியும் அந்த 40 லட்சமும்

இது கோபத்தோடு எழுதுகிற பந்தி. விசாவுக்கு முன் பல்கலைக்கழகம் உங்களுக்கு ஐ-20 என்று ஒரு படிவம் தரும். ஒரு வருடத்துக்கு எவ்வளவு செலவு, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று இரண்டும் அதில் அச்சிட்டிருக்கும். படிப்புக் கட்டணத் தள்ளுபடியும் அசிஸ்டன்ட்ஷிப் சம்பளமும் 'பல்கலைக்கழகம் தருவது' என்ற வரியில் வரும். செலவுக்கும் வரவுக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்கள் கணக்குக் காட்டவேண்டும். உங்களுடைய கடிதத்தைப் பார்த்தால் அது சில ஆயிரம் டொலருக்குள் நிற்கும், அல்லது இல்லாமலே போகும். கொழும்பில் நேர்முகத்தில் அதிகாரி பார்ப்பதும் இந்த ஐ-20ஐயும் அழைப்புக் கடிதத்தையும்தான், மற்றபடி நீங்கள் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று நீங்களே தெளிவாகச் சொல்வதை.

வட்டிக்குக் காசு வாங்கி இரண்டு கிழமை கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பி எடுப்பது ஊரில் பழகிப்போன விளையாட்டு. அதைச் சொந்தக் காசு என்று அங்கே சொல்லிப் பிடிபட்டால் பொய்த் தகவல் தந்தவர் என்று பதிவார்கள், அமெரிக்கச் சட்டப்படி அந்தத் தடை ஆயுளுக்கும் இருக்கும். எட்டுப் பரப்பும் போய், படிப்பும் போய், பெயரும் போகும். அந்த ஆளிடம் 'விசாவுக்குத் தேவையில்லையாம்' என்று சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் முழுக்க நீங்களே போடக்கூடியது. வெளிநாட்டு மாணவரைப் பதிகிற செவிஸ் முறைக்கான கட்டணம் 350 டொலர், விசாக் கட்டணம் 185. கட்டும் நாளில் தூதரகத்தின் பக்கத்தில் தொகையைச் சரிபார்த்துவிட்டுக் கட்டுங்கள், கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மாமாவின் கடை

மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அது செய்யக்கூடாத வேலை. எஃப்-1 மாணவர் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே ஒரு மணித்தியாலம் நின்றாலும் அது விதிமீறல், கையில் காசாக வாங்கினாலும் சரி, சனி ஞாயிறு என்றாலும் சரி. அன்றைக்கு ஒன்றும் நடக்காது. ஐந்து வருடம் கழித்து வேலை விசாவுக்கோ நிரந்தர வதிவிடத்துக்கோ போகும்போது அந்தக் கடை எழுந்து முன்னால் நிற்கும். மாமாவிடம் வேறு உதவி கேளுங்கள். நீங்கள் ஓகஸ்ட் நடுவில் போய் இறங்கினால் முதல் சம்பளம் கைக்கு வரக் கிட்டத்தட்ட ஆறு கிழமை ஆகலாம், சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சமூகப் பாதுகாப்பு இலக்கத்துக்கும் போனபிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதற்குள் வீட்டு முற்பணம், வாடகை, சட்டி பானை, குளிருக்கு ஒரு கோட். 'கடை வேலை வேண்டாம் மாமா, மூவாயிரம் டொலர் கடனாகத் தாங்கோ, ஒரு வருடத்தில திருப்பித் தாறன்' என்று கேளுங்கள். அது அவருக்கும் கௌரவம்.

மாப்பிள்ளை விடயம் சுருக்கமாக: மனைவியோ கணவனோ எஃப்-2 என்ற துணைவர் விசாவில் கூட வரலாம், வேலை செய்ய முடியாது. உங்கள் ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் என்பது முதல் வருடத்தில் வேண்டாம். அவரும் படிக்க விரும்பினால் தனியாக விண்ணப்பிக்கட்டும்.

அம்மாவுக்கு எவ்வளவு அனுப்பலாம்?

21,600ஐ ஒன்பதால் வகுத்தால் மாதம் 2,400. படிப்புக் கட்டணத் தள்ளுபடிக்குப் பொதுவாக வரியில்லை, சம்பளத்துக்கு உண்டு. ஒரு 300 போகும் என்று வையுங்கள். (முதல் ஐந்து வருடம் உங்களிடம் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கக்கூடாது. பிடித்திருந்தால் சம்பளப் பகுதியில் போய்க் கேளுங்கள், தவறுதலாகப் பிடிப்பது நடக்கிறது. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தமும் இருக்கிறது, அதனால் ஏதும் கழிவு உண்டா என்றும் அங்கேயே கேட்கலாம்.) மிச்சம் 2,100. நீங்கள் எழுதிய அறை வாடகை 700. கட்டணத் தள்ளுபடி என்றாலும் 'மாணவர் கட்டணம்' தனி, உங்கள் கடிதத்தில் செமஸ்டருக்கு 820 என்று இருக்கிறது, மாதக் கணக்கில் 180. மருத்துவக் காப்புறுதியில் உங்கள் பங்கு 90. சாப்பாடு 350, பஸ், போன், மற்றவை 200. கையில் 580 நிற்கிறது.

இங்கேதான் பலர் அகப்படுகிறார்கள். அந்தச் சம்பளம் ஒன்பது மாதத்துக்கு, வருடம் பன்னிரண்டு மாதம். கோடையில் மூன்று மாதம் வாடகை, சாப்பாடு, மற்றவை என்று 3,750 வேண்டும், அதை ஒன்பது மாதத்தில் சேர்க்க மாதம் 417 ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 163 டொலர். ஆகவே அம்மாவுக்கு மாதம் நூறு, நூற்றைம்பது என்று சொல்லுங்கள், தம்பியின் ரியூஷன் காசுக்கு அது உதவும். மாமாவின் கடன் திருப்புகிற வருடம் அதுவும் கடினம். வீட்டுக் கடனை இரண்டு வருடத்தில் அடைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கோடையில் துறையில் வேலை கிடைத்தால் கணக்கு மாறும், அதனால் 'கோடை நியமனம் வழமையாகக் கிடைக்குமா?' என்ற கேள்வியும் அந்த மின்னஞ்சலில் போகட்டும். கூடவே இன்னும் இரண்டு: எத்தனை வருடத்துக்கு இந்த நிதி உறுதி, காப்புறுதியில் எத்தனை வீதம் பல்கலைக்கழகம் கட்டும்?

பேராசிரியருக்குப் பிடிக்காவிட்டால்

அசிஸ்டன்ட்ஷிப் போனால் அடுத்த நாளே விசா ரத்து என்பது தவறான பயம். உங்கள் எஃப்-1 நிலை நிற்பது முழுநேரப் படிப்பில், வேலையில் இல்லை. ஆனால் வேலை போனால் கட்டணத் தள்ளுபடியும் போகும், பிறகு கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விடவேண்டி வரும், அதுதான் உண்மையான ஆபத்து. அனுமதியோடு படிப்பை விட்டால்கூட நாட்டை விட்டு வெளியேற 15 நாள்தான். அதனால் பிரச்சினை முளைக்கும்போதே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், முற்றவிடாதீர்கள். முதல் வருடம் உங்களுக்குச் சம்பளம் தருவது துறை, ஒரு தனிப் பேராசிரியர் இல்லை என்பதும் உங்களுக்குச் சாதகம். அந்த வருடத்தில் ஆட்களைப் பார்த்து மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யலாம். அவருடைய பழைய மாணவர்களோடு கதையுங்கள், எத்தனை பேர் இடையில் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள்.

'கேட்க ஆளில்லை' என்பதும் முழு உண்மையில்லை. விஸ்கொன்சின் மடிசனில் கற்பித்தல் உதவியாளர்களின் சங்கம் 1970இலேயே பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2022 கடைசியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 48,000 பேர் ஆறு கிழமை வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு வாங்கினார்கள். தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவ உதவியாளர்களும் ஊழியர்களே என்று தேசியத் தொழிலுறவுச் சபை 2016இல் கொலம்பியாப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உங்களுடையது அரச பல்கலைக்கழகம், ஆகவே சங்கம் அமைக்கலாமா என்பது அந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. இருந்தால் சேருங்கள், வெளிநாட்டு மாணவர் சங்கத்தில் சேருவது விசா மீறல் இல்லை. எங்கள் அம்மாமார் சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே 'ஏன் பிள்ளை வீண் சோலி' என்பார்கள், எனக்கும் சொன்னார்கள்.

பாலியல் தொந்தரவு என்றால் யோசிக்கவே வேண்டாம். 'டைட்டில் ஒன்பது' அலுவலகம் என்று ஒன்று ஒவ்வொரு அரச பல்கலைக்கழகத்திலும் இருக்கும், போன முதல் கிழமையே அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

நீங்கள் இரசாயனவியல் என்பதால் இன்னொன்று. 2008 டிசம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றுகிற ஓர் இரசாயனத்தைக் கையாண்ட 23 வயது ஆய்வு உதவியாளர் உடையில் தீப்பிடித்து 18 நாளில் இறந்துபோனார். ஆய்வுகூட மேலங்கி போட்டிருக்கவில்லை. பயிற்சி தராத வேலையை 'எனக்கு இதைப் பழக்கவில்லை, முதலில் காட்டுங்கள்' என்று சொல்லி நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இங்கே லாபில் கையுறை இல்லாமல் சமாளித்ததை அங்கே பெருமையாகச் செய்து காட்டாதீர்கள்.

பின்குறிப்புக்குப் பதில். மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம், வீட்டில் வறுத்து இடித்ததென்றாலும். வடிவாகச் சீல் பண்ணி, மேலே என்னவென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் தூள் என்று தனியாகச் சோதித்து நேரம் போகும். உணவுப் பொருள் இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் வைக்க விடாதீர்கள், எடுத்து எறிந்துவிடுவார்கள்.